கையில் மவுஸ் இருப்பவர் பேசலாம்

மார்ச் 3, செவ்வாய்

பெரியம்மா வந்திருந்தார். அவருடைய மகளுக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்து ஐந்தாவது மாதம் நடக்கிறது. ஏப்ரல் கடைசியில் அவள் மறுபடி வேலைக்குப் போக வேண்டும். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுகிறார்கள்.

"ஆள் எதுக்குத் தேடணும்? இவ சும்மாதானே இருக்கா" என்றார். இவள் என்றால் நான். நான் அங்கேதான் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். சும்மா இல்லை.

அந்த ஊருக்கு ரயிலில் ஒரு பகலும் ஒரு இரவும் போக வேண்டும். போனால் குழந்தைகள் நடக்கும் வரையாவது அங்கேதான். அப்புறம் அவர்கள் பள்ளிக்கூடம் போகும் வரை. அப்புறம் அங்கேயே எனக்கு யாரையாவது பார்த்துவிடுவார்கள்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. பெரியம்மா டம்ளரைக் கீழே வைத்தார். "அப்ப சரி. முடிவாயிடுச்சு."

எப்போது முடிவானது? யார் முடிவு செய்தது? வெங்காயமா?

மார்ச் 5, வியாழன்

கீழ்வீட்டு நர்ஸ் அக்கா படிக்கட்டில் என்னைப் பிடித்துக்கொண்டார். சனிக்கிழமைகளில் அவர் ஒரு குழுவுக்குப் போகிறார். பழைய கம்ப்யூட்டர்களைச் சரிசெய்வது, தெருவுக்கெல்லாம் இலவசமாக இணையம் தருவது, போன் தெரியாதவர்களுக்குப் போன் சொல்லித் தருவது - இதெல்லாம் செய்கிறார்களாம். யாருக்கும் சம்பளம் கிடையாது. என்னையும் வரச் சொன்னார்.

"உனக்குக் கம்ப்யூட்டர் தெரியுமா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"எனக்கும் தெரியாது. அஞ்சு வருஷமா இருக்கேன். ஒரு பிரச்சினையும் இல்ல."

அங்கே யாரும் என்னைப் பேசச் சொல்ல மாட்டார்கள் என்றும் சொன்னார். அம்மாவுக்கு ரத்த அழுத்தம் பார்ப்பது நர்ஸ் அக்காதான் என்பதால் அம்மா மறுக்க முடியவில்லை.

மார்ச் 7, சனி

போனேன்.

சலவைக் கடைக்கு மேலே ஒரு நீள அறை. கீழே இஸ்திரி போடும் நீராவி தரைப் பலகை வழியாக ஏறி வருகிறது. எல்லோர் முகமும் வேர்த்திருக்கிறது, ஏதோ பெரிய வேலை செய்தவர்கள் மாதிரி. சுவர் ஓரமாகச் செத்துப்போன மானிட்டர்கள். நாற்காலி ஒன்றே ஒன்று, அது விருந்தாளிகளுக்கு. மற்றவர்கள் பழைய கம்ப்யூட்டர் பெட்டிகள் மேல் வட்டமாக உட்கார்ந்தார்கள். எனக்கு ஒரு பெரிய பிரிண்டர் கிடைத்தது. உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் அது என் கால்களுக்கு நடுவே ஒரு வெள்ளைத் தாளை வெளியே தள்ளியது. யாரும் கண்டுகொள்ளவில்லை.

குழுவை நடத்துகிறவர் டைம்கீப்பர் சார். பஸ் நிலையத்தில் எந்த பஸ் எப்போது வந்தது, எப்போது போனது என்று எழுதியே ஓய்வு பெற்றவர். வந்ததும் என் கையில் ஒரு துண்டுத் தாளைக் கொடுத்தார். புதிதாக வருகிறவர்கள் இங்கே எதை எதிர்பார்க்கலாம் என்று அவரே எழுதியது. கம்ப்யூட்டர் தெரிந்திருக்க வேண்டியதில்லை என்று ஆரம்பிக்கிறது. நாற்காலி எதிர்பார்க்க வேண்டாம் என்கிறது. உதவி கேட்டு வருகிறவர்கள் கோபமாக வருவார்கள், அந்தக் கோபம் உங்கள் மேல் அல்ல, போன் மேல். ஆனால் போன் பக்கத்தில் நீங்கள் இருப்பீர்கள் என்கிறது. கடைசியில் பெரிய எழுத்தில்: கையில் மவுஸ் இருப்பவர் மட்டும் பேசலாம். பேச விரும்பாதவர் மவுஸை அடுத்தவரிடம் தரலாம். தந்தால் சம்மதம் என்று பொருள்.

மவுஸ் என்றால் உண்மையிலேயே ஒரு கம்ப்யூட்டர் மவுஸ். வேலை செய்யாது. வால் மாதிரி வயரோடு வட்டத்தில் கைமாறுகிறது. எந்த முடிவுக்கும் எல்லோருடைய சம்மதமும் வேண்டும். ஒருவர் வேண்டாம் என்றாலும் நின்றுவிடும். இதனால்தான் இவர்கள் தெருவுக்குத் தரும் இணையத்துக்கு ஐந்து வருடமாகப் பெயர் வைக்க முடியவில்லை. போனில் தேடினால் 'பெயர் நிலுவையில்' என்று வருகிறது.

முதலில் வருகைப் பதிவு. இருப்பதே நான்கு பேர், ஆனால் சார் நின்றுகொண்டு பெயர் வாசித்தார். என் பெயர் வந்தது.

எனக்குத் தெரிந்ததுதான் நடந்தது. வாய் திறந்தது, குரல் வரவில்லை.

பள்ளியிலும் இப்படித்தான். காலையில் பெயர் வாசிக்கும்போது 'இருக்கேன் டீச்சர்' என்று சொல்ல வேண்டும். எனக்கு வராது. டீச்சர் தலையை நிமிர்த்தாமல் அடுத்த பெயருக்குப் போய்விடுவார். முன்வரிசையிலேயே உட்கார்ந்து பத்தாம் வகுப்பு முழுக்க நான் வராதவளாக இருந்தேன். வருகை போதாது, பரீட்சை எழுத முடியாது என்றார்கள். அம்மா வந்து தலைமை ஆசிரியர் முன்னால் நின்றாள். அவளும் பேசவில்லை. அத்தோடு என் படிப்பு முடிந்தது.

டைம்கீப்பர் சார் என்னை நேராகப் பார்த்தார். கண்ணும் கண்ணும் பார்த்துக்கொண்டோம். "பதில் இல்லை" என்றார், வரவில்லை என்று எழுதினார்.

பிறகு கூட்டக் குறிப்பு எழுதுவதற்கு ஆள் வேண்டும் என்று என் பெயரைச் சொன்னார்கள். மவுஸ் என்னிடம் வந்தது. பயத்தில் அடுத்தவரிடம் தள்ளிவிட்டேன். ஏற்கப்பட்டது.

ஆக, இன்று நான் வரவே இல்லை; ஆனால் குறிப்பாளர் ஆகிவிட்டேன்.

மார்ச் 10, செவ்வாய்

கூரைப் பொறுப்பாளரும் நான்தான் என்று இன்று தெரிந்தது. சனிக்கிழமை மவுஸ் இரண்டாம் சுற்று வந்தபோது எதற்கென்று கேட்காமலே தள்ளிவிட்டிருக்கிறேன்.

மொட்டை மாடிகளில் ஆன்டெனா வைக்கும் அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். எத்தனை மாடி லிஃப்டின் உச்சியிலும் நின்று வேலை பார்ப்பார். மொட்டை மாடி மட்டும் ஆகாது. "தலைக்கு மேல ஏதாவது இருக்கணும்மா. வானத்தைப் பார்த்தா எனக்குக் காலு வராது." அதனால் அவர் கடைசிப் படியில் உட்கார்ந்து மடிக்கணினியைப் பார்த்துச் சொல்வார், நான் மேலே ஆன்டெனாத் தட்டைத் திருப்ப வேண்டும். நான் பேச மாட்டேன் என்பதற்கும் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார். தண்ணீர்க் குழாயில் ஸ்பானரால் ஒரு தட்டு தட்டினால் சரி. இரண்டு தட்டினால் இல்லை.

"இடது பக்கம் திரும்புதா?"

டங் டங்.

"மூணாவது திருகு கழண்டுச்சா?"

டங்.

மேலே காற்று நன்றாக இருந்தது. யாரும் இல்லை. ஒரு மத்தியானம் முழுக்க நான் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்த மாதிரி இருந்தது.

மார்ச் 14, சனி

இன்று காலை உதவி மேசை. மூன்று மேசை போட்டு வாசலைத் திறந்து வைத்தார்கள்.

முதலில் வந்த அம்மா ஒரு சுவர்க் கடிகாரத்தைக் கொண்டுவந்தார். இது எங்கள் வேலை இல்லை என்று ஆன்டெனா அண்ணன் சொன்னதற்கு, "இதுலயும் பேட்டரிதான் போடுறோம்" என்றார். பேட்டரி மாற்றிக் கொடுத்தோம்.

என் மேசைக்கு ஒரு தையற்காரர் வந்தார். தன் போனை மனைவியின் பிறந்தநாளை வைத்துப் பூட்டியிருக்கிறார். இப்போது அந்தத் தேதி ஞாபகம் இல்லை. மனைவியிடம் கேட்கலாமே என்று ஆன்டெனா அண்ணன் கேட்டதும் அவர் முகம் போன போக்கு! "கேட்டா நான் எங்க தூங்குறது?" என்றார். பாதிக் காலை என் எதிரில் உட்கார்ந்திருந்தார். நான் என்ன செய்வது என்று தெரியாமல் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பார்க்கப் பார்க்க அவரே பேச ஆரம்பித்தார். கல்யாணமான புதிதில் ஒரு மழையில் கேக் வாங்கி நனைந்துபோனது, அந்த மழை எந்த மாதத்து மழை, அன்று கடை ஏன் சீக்கிரம் மூடினார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போய், போனில் நாலு எண்ணை அழுத்தினார். திறந்துவிட்டது.

எனக்கு மூன்று முறை நன்றி சொன்னார். நான் என்ன செய்தேன்?

மார்ச் 15, ஞாயிறு

பெரியம்மா டிக்கெட் எடுத்துவிட்டார். ஏப்ரல் 26.

மார்ச் 17, செவ்வாய்

பேக்கரித் தெருவுக்கு இணையம் போகவில்லை என்று அதற்கான ஆன்டெனா இருக்கும் மொட்டை மாடிக்கு ஏறினேன். தட்டுக்குள் புறா முட்டையிட்டு அடைகாக்கிறது. திருப்பினால் கூடு விழும்.

அவசரக் கூட்டம் போட்டார்கள். தட்டைத் திருப்பலாம் என்பது தீர்மானம். புறாவிடம் இருந்து எதிர்ப்பு வராததால் அதற்குச் சம்மதம்தான் என்று ஆன்டெனா அண்ணன் சிரிக்காமல் சொன்னார். நர்ஸ் அக்கா மவுஸை வாங்கி, "புறா சார்பா நான் எதிர்க்கிறேன். அதுக்கு வாய் இல்லன்னா நமக்குமா இல்ல?" என்றார். தீர்மானம் நின்றது. குஞ்சு பறக்கும் வரை பேக்கரித் தெருவுக்கு இணையம் கிடையாது.

நர்ஸ் அக்கா அந்தக் கூட்டத்தில் விழித்திருந்தது அதிர்ஷ்டம். இரவு வேலை முடிந்து வருவதால் பெரும்பாலும் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவார். மவுஸை அவர் மடியில் வைத்து, கொஞ்சம் பொறுத்து, எடுத்து அடுத்தவரிடம் தருவார்கள். அதுவும் சம்மதம்தான். அப்படித்தான் அவர் ஐந்து வருடமாகத் துணைத் தலைவர்.

மார்ச் 21, சனி

நான் தலைவர் ஆகிவிட்டேன்.

வார்டு அலுவலகத்தில் பதிவு செய்ய ஒரு தலைவர் வேண்டுமாம். சார் தனக்கு விதிகளே போதும் என்றார். ஆன்டெனா அண்ணன், மேலே போகிற எந்தப் பதவியும் வேண்டாம் என்றார். நர்ஸ் அக்கா தூக்கத்தில் ஏற்கெனவே துணைத் தலைவர். மவுஸ் என்னிடம் வந்தது. வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. கை தானாகவே மவுஸை நகர்த்திவிட்டது.

இன்றும் வருகைப் பதிவில் நான் வரவில்லை. குறிப்பில் இப்படி எழுதினேன்: தலைவர் வராத நிலையில் தலைவர் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

மார்ச் 22, ஞாயிறு

சட்டைகளை மடித்து அட்டைப் பெட்டியில் வைக்கும் வேலை அம்மாவுக்கு. மனசு சரியில்லாவிட்டால் வீட்டிலும் கையில் கிடைத்ததை மடிப்பாள். இன்று என் துணிகளை எடுத்து மடித்து ஒரு பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வைத்ததை எடுத்து மறுபடி மடித்தாள். நான் எதுவும் சொல்லவில்லை, அவளும்.

யோசித்தேன். எங்கள் வீட்டிலும் அதே விதிதான். சுவரில் ஒட்டவில்லை, அவ்வளவுதான். மவுஸ் மட்டும் எப்போதும் பெரியம்மா கையில்.

ஏப்ரல் 4, சனி

வார்டு அதிகாரி பார்வையிட வந்தார். நாற்காலியை அவருக்குக் கொடுத்தோம். தலைவர் யார் என்று கேட்டார். எல்லோரும் பிரிண்டர் பக்கம் கையைக் காட்டினார்கள். அவர் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். பின்னால் சுவர்தான்.

அதிகாரி ஏதோ சொல்ல ஆரம்பித்ததும் டைம்கீப்பர் சார் மரியாதையாகத் தடுத்து, கையில் மவுஸைக் கொடுத்துவிட்டு, "இப்போ பேசலாம் சார்" என்றார். அதிகாரி மவுஸைத் திருப்பிப் பார்த்தார். பிறகு மைக் போல வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு, இளைஞர்கள், முன்னேற்றம், கூட்டு முயற்சி என்று நன்றாகவே பேசினார். நடுவில் ஒருமுறை விரலால் தட்டி "கேக்குதா?" என்றார்.

கேட்கிறது என்று நாங்கள் தலையாட்டினோம். வேறு என்ன செய்வது?

சிரிப்பை அடக்கி அடக்கி எனக்கு வயிறு வலித்தது. ஆன்டெனா அண்ணன் மானிட்டர் குவியலுக்குப் பின்னால் எதையோ தேடப் போனவர், அதிகாரி போகும் வரை திரும்பவில்லை.

இவர்களை விட்டுவிட்டு எப்படிப் போவேன்? இதுவரை இவர்களிடம் சொல்லவும் இல்லை. எப்படிச் சொல்வது?

ஏப்ரல் 11, சனி

சொல்ல முடியாததை எழுதிவிட்டேன். குறிப்பாளர் நான்தானே. இன்றைய நிகழ்ச்சி நிரலில் கடைசியாகச் சேர்த்தேன்: தலைவர் 26ஆம் தேதி ஊரை விட்டுப் போகிறார், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள.

சார் அதை வாசித்தார். மவுஸ் தரையில் கிடந்தது. யாரும் எடுக்கவில்லை.

கடைசியில் நர்ஸ் அக்கா என்னைக் கேட்டார், "உனக்குப் போக இஷ்டமா?" நான் பிரிண்டரின் பக்கவாட்டில் விரலால் தட்டினேன். இரண்டு தட்டு. யாருக்கும் கேட்டிருக்காது. ஆன்டெனா அண்ணன் மட்டும் தலையை நிமிர்த்தினார்.

டைம்கீப்பர் சார் விதிகளைப் புரட்டினார். தலைவரை விடுவிப்பது ஒரு தீர்மானம். அதை யார் கேட்கிறார்களோ அவர்களே கூட்டத்துக்கு வந்து முன்வைக்க வேண்டும். ஆக, பெரியம்மா வர வேண்டும்.

நர்ஸ் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து அழைப்பு சொன்னார். அப்போது அங்கே இருந்த பெரியம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "யாரு, இவ தலைவரா? இந்த வாயில்லாப்பூச்சியா? எதுக்குத் தலைவரு?" பிறகு, கூட்டம்தானே, நான் வந்து நாலு வார்த்தை கேட்கிறேன் என்றார். கூட்டம் என்றால் அவருக்குப் பிடிக்கும்.

அம்மா ஒரு துண்டை எடுத்து மடித்தாள். ஆனால் என்னைப் பார்த்தாள். தலைவரா என்று அவள் கண் கேட்டது.

ஏப்ரல் 17, வெள்ளி

நாளைக்கு. பெரியம்மா கூட்டத்துக்கு வருகிறார்.

குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு சொல்லிப் பார்த்தேன். எனக்குச் சம்மதம் இல்ல. வாளியிடம் சொல்ல வருகிறது. வாளிக்கு எதிர்ப்பு இல்லை.

ஏப்ரல் 18, சனி

மறப்பதற்குள் வரிசையாக எழுதிவிட வேண்டும்.

பெரியம்மா நல்ல புடவை கட்டி வந்தார். அம்மாவும் கூட வந்தாள். பெரியம்மாவுக்கு நாற்காலி, அம்மாவுக்கு ஒரு மானிட்டர் பெட்டி. அறைக்குள் இருக்கிற எல்லோரும் வட்டத்தில் உண்டு, எல்லோருக்கும் சம்மதமும் எதிர்ப்பும் உண்டு என்று சார் விதியை விளக்கினார். வருகைப் பதிவில் பெரியம்மா "இருக்கேன், இருக்கேன்" என்று இரண்டு முறை சொன்னார். அம்மா கையைத் தூக்கினாள். நான் வழக்கம்போல வரவில்லை.

தீர்மானத்தை முன்வைக்க மவுஸ் பெரியம்மாவிடம் போனது. பெரியம்மா பேச ஆரம்பித்தார். இரட்டைக் குழந்தைகள், மகளின் வேலை, மாப்பிள்ளையின் அம்மாவுக்கு ஆகாத உடம்பு. யாரும் குறுக்கே பேசவில்லை. கொஞ்ச நேரத்தில் அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. "என்னங்க, யாரும் எதுவும் சொல்ல மாட்டீங்களா?"

"மவுஸ் உங்ககிட்ட இருக்கும்மா" என்றார் சார்.

பெரியம்மா அதன் பிறகு நிறுத்தவில்லை. தன் முழங்கால் வலி, பக்கத்து வீட்டுச் சுவர் தன் பக்கம் சாய்ந்தது, அந்தக் காலத்தில் தன்னை மேலே படிக்க வைக்காதது, பெரியப்பா எதற்கும் 'ம்' கொட்டாதது என்று எல்லாவற்றையும் சொன்னார். எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தோம். வாழ்க்கையில் முதல்முறையாக அவரை முழுக்கக் கேட்டேன் என்று நினைக்கிறேன். பாவமாக இருந்தது. அந்த நேரத்தில் பாவமாக இருந்தது எனக்கே பிடிக்கவில்லை. கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு, "அதனால இவளை அடுத்த ஞாயித்துக்கிழமை அனுப்பிடலாம். இவளுக்கும் ஒண்ணுமில்ல, எங்களுக்கும் உதவி" என்று முடித்தார்.

மவுஸ் புறப்பட்டது.

ஆன்டெனா அண்ணன் அதைச் சட்டையில் துடைத்தார். என்னைப் பார்த்தார். ஏதாவது தட்டுகிறேனா என்று பார்த்தார். என் கை அசையவில்லை. "குடும்ப விஷயம்... நான் என்ன சொல்றது" என்று தள்ளிவிட்டார். எனக்காக எதிர்ப்பேன் என்று நேற்றுதான் வாக்குக் கொடுத்த நர்ஸ் அக்கா, இரண்டு நாள் வேலை ஒன்றாகப் பார்த்துவிட்டு வந்து, வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். உலுக்கினார்கள். "ம்ம், ஊசி போட்டாச்சு" என்றார். சம்மதம்.

டைம்கீப்பர் சார் மவுஸைக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். தீர்மானத்தை நடத்துகிறவர் கருத்து சொல்லக்கூடாது என்பது அவரே எழுதிய விதி. அதை எழுதிய நாளை நினைத்து வருந்தினார் என்று முகத்தில் தெரிந்தது. நகர்த்தினார்.

அம்மா. அவளுக்குக் கொடுத்திருந்த துண்டுத் தாளை மடித்து, மடித்து, நகம் அளவுக்கு ஆக்கிவிட்டிருந்தாள். ஒரு கையில் அது, ஒரு கையில் மவுஸ். உதடு அசைந்த மாதிரி இருந்தது. பிறகு என்னைப் பார்க்காமலே மவுஸை என் பக்கம் நீட்டினாள். நான் மவுஸைத் தள்ளுகிற அதே மாதிரி. அதே கை. ஐயோ, இது எனக்கு இவளிடமிருந்துதானா வந்தது?

எனக்குப் பிறகு யாரும் இல்லை. நான் நகர்த்தினால் வட்டம் முடிந்தது.

வாயைத் திறந்தேன். காற்று. மறுபடி. காற்று. கீழே இஸ்திரிப் பெட்டி புஸ்ஸென்றது. என்ன செய்கிறேன் என்று தெரியாமல் மவுஸால் பிரிண்டர் மூடியில் தட்டினேன். இரண்டு தட்டு. பிரிண்டர் ஒரு தாளைத் தள்ளியது.

"இல்லங்கிறா!" ஆன்டெனா அண்ணன் எழுந்தே நின்றுவிட்டார். "ரெண்டு தட்டு. இல்லன்னு அர்த்தம்."

"தட்டுறதெல்லாம் ஒரு பேச்சா?" என்றார் பெரியம்மா. "வாயைத் திறந்து சொல்லச் சொல்லுங்க பார்ப்போம்."

"எனக்குச் சம்மதம் இல்ல" என்றேன். "நான் போகலை."

கரகரவென்று இருந்தது. யார் பேசியது என்று நானே ஒரு கணம் திரும்பிப் பார்த்தேன்.

சார் பேனாவைத் திறந்தார். எதிர்ப்பு ஒன்று, தீர்மானம் நிற்கிறது என்றார். குரல் கொஞ்சம் உடைந்தது. பெரியம்மா விடவில்லை. அப்படியென்றால் குழந்தைகளை யார் பார்ப்பது, அதையும் இந்தக் கூட்டமே சொல்லட்டும் என்றார். நியாயமான கேள்விதான். மாற்றுத் தீர்மானம் இருந்தால் முன்வைக்கலாம் என்று சார் எல்லோரையும் பார்த்தார்.

"அதை இங்க குடு" என்றாள் அம்மா.

கொடுத்தேன். அம்மா மவுஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பெரியம்மாவைப் பார்க்காமல் மவுஸிடமே சொன்னாள்.

"அக்கா, பேரப்பிள்ளைங்க உன்னோடதுதானே. நீ போயேன்."

அவ்வளவுதான். எழுந்து போய் மவுஸைப் பெரியம்மாவின் கையில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

பெரியம்மா வாயைத் திறந்தார். மூடினார். பெரியம்மாவுக்கு வார்த்தை வராமல் நான் பார்த்ததே இல்லை. அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையில் இருந்த மவுஸைப் பார்த்தார். சூடான பாத்திரத்தைப் பிடித்துவிட்டவர் போல அதைப் பக்கத்தில் இருந்த சார் கையில் திணித்துவிட்டார்.

சார் அதை அடுத்தவரிடம் தந்தார். மற்றவர்களிடமும் மவுஸ் போய்வந்தது.

"எதிர்ப்பு இல்லை. ஏற்கப்பட்டது."

நர்ஸ் அக்கா அப்போதுதான் விழித்தார். என்ன ஆயிற்று என்று கேட்டார். பெரியம்மா ஊருக்குப் போகிறார் என்று ஆன்டெனா அண்ணன் சொன்னார். "நல்லது, போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி தூங்கிவிட்டார்.

கலைகிற நேரத்தில் சார் என்னைக் கூப்பிட்டார். வருகைப் பதிவைத் திறந்து, என் பெயருக்கு எதிரே 'வரவில்லை' என்று இருந்ததை ஒரே கோடாக அடித்தார். "கொஞ்சம் தாமதம். ஆனா வந்தாச்சு" என்றார். பஸ்ஸைச் சொல்கிற மாதிரி.

ஏப்ரல் 19, ஞாயிறு

பெரியம்மா வரவில்லை. போனும் இல்லை. அம்மா பையில் இருந்த என் துணிகளை எடுத்து அலமாரியில் திரும்ப அடுக்கினாள். மடிக்காமல். அப்படியே திணித்தாள்.

பயமாக இருக்கிறதா என்று கேட்க நினைத்தேன். கேட்டேன். "இருக்கு" என்றாள். பிறகு இரண்டு பேரும் சிரித்தோம், ஏனென்று தெரியவில்லை.

ஏப்ரல் 25, சனி

உதவி மேசையில் வரிசை. கடிகார அம்மாவுக்குப் பின்னால் பெரியம்மா. முறை வரும் வரை நின்றார். என் எதிரில் உட்கார்ந்து போனை மேசையில் வைத்தார். என் பெயரில் இருந்த டிக்கெட்டை ரத்து செய்துவிட்டுத் தன் பெயரில் ஒன்று எடுக்க வேண்டும். எனக்கு அது தெரியாது. ஆன்டெனா அண்ணனிடம் கேட்டுக் கேட்டுச் செய்தேன்.

"கூட்டத்துல முடிவாயிடுச்சுன்னா மீற முடியுமா" என்று யாரிடமோ சொல்வது போலச் சொன்னார். பிறகு, வீடியோவில் அந்த ஊரிலிருந்து சனிக்கிழமைக் கூட்டத்தில் கலந்துகொள்ள முடியுமா, அப்போது மவுஸ் தனக்கு எப்படி வரும் என்று கேட்டார். அதற்கு விதி இல்லை. எழுத வேண்டும்.

போகும்போது என் தலையில் கை வைத்தார். கொஞ்சம் அழுத்தமாகவே வைத்தார். கோபம் முழுக்கப் போகவில்லை என்று நினைக்கிறேன்.

மே 5, செவ்வாய்

குஞ்சுகள் பறந்துவிட்டன. தட்டைத் திருப்பினேன். டங்.

மே 9, சனி

டைம்கீப்பர் சாரின் கண்ணாடி உடைந்துவிட்டது. பெயர் வாசிக்க முடியாது, இன்று நீ வாசி என்றார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு இப்போது தெரியும். சொல்லவில்லை. நின்றுகொண்டு வாசித்தேன். மேசை மேல் ஒரு போனில் பெரியம்மா. தோளில் ஒரு குழந்தை, மடியில் ஒரு குழந்தை. "இருக்கேன், இருக்கேன், இதுங்க ரெண்டும் இருக்கு" என்றார். அம்மா இப்போது கை தூக்குவதில்லை. "இருக்கேன்" என்கிறாள்.

பேக்கரியிலிருந்து ஒருவர் புதிதாக வந்திருக்கிறார். அப்பா வயது இருக்கும். தங்கள் தெருவுக்கு இணையம் வந்ததைப் பார்த்து, தானும் ஏதாவது செய்கிறேன் என்று வந்தாராம். இதையும் அவர் சொல்லவில்லை, ஒரு தாளில் எழுதி நீட்டினார். பிரிண்டர் மேல் உட்கார்ந்திருந்தார். புருவத்தில் மாவு.

கடைசியாக அவர் பெயரை வாசித்தேன்.

பதில் இல்லை.

அவர் கழுத்து நரம்பு அசைந்தது. சத்தம் வரவில்லை. அந்த இடம் எனக்கு நன்றாகத் தெரியும்.

தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தேன். இருந்தார்.

வந்திருக்கிறார் என்று எழுதினேன்.